துக்க வருஷத்துக் கிறிஸ்மஸும் நன்றி சொல்ல வராத வாயும்

கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை. ஆகஸ்டில் அப்பா காலமாகிவிட்டார். சிகிச்சைக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது, பச்சைத் தேயிலைக்கும் விலை இல்லை. டிசம்பர் 23 அன்று திருப்பூரிலிருந்து தங்கை குடும்பமும் பெங்களூரிலிருந்து தம்பி குடும்பமும் வருகிறார்கள். அம்மா “இந்த வருஷம் ஸ்டார் கட்டவேண்டாம், பலகாரமும் வேண்டாம்” என்கிறார். பெரியம்மாவோ “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லியிருக்கிறதே” என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பிள்ளைகள் மரம் கேட்கிறார்கள். “எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. சிரித்து நடிக்கவேண்டுமா, இல்லை இந்த வருஷம் பண்டிகையையே விட்டுவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. உங்கள் கேள்விக்குள் இரண்டு பயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. மகிழ்ந்தால் அப்பாவுக்குத் துரோகம் ஆகிவிடுமோ என்பது ஒன்று. மகிழாவிட்டால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமோ என்பது மற்றது. இரண்டும் ஆகாது. ஏன் ஆகாது என்பதையும், 23 முதல் 31 வரையுள்ள நாட்களை எப்படி நடத்தலாம் என்பதையும் எழுதுகிறேன்.

மலைச் சபைகளில் துக்க வீட்டு ஜெபங்களுக்குப் போய்வந்த பல வருஷப் பழக்கமும், முறையாகக் கற்ற வேதபாடமும்தான் என் கையிருப்பு. எது வேதத்தில் தெளிவாக இருக்கிறது, எது ஊர் வழக்கம், எது என் கணிப்பு மட்டும் என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை என்று எழுதியிருப்பதால் அந்த வழக்கத்தை வைத்தே பேசுகிறேன். கத்தோலிக்கர் வீடுகளில் மாறும் இடத்தை மட்டும் குறிப்பிடுகிறேன்.

பெரியம்மா சொல்லும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18. அதை யாருக்கு எழுதினார்கள் என்று பார்க்கவேண்டும். தெசலோனிக்கே சபையில் சிலர் இறந்துபோயிருந்தார்கள், மற்றவர்கள் கலங்கிப்போயிருந்தார்கள். அதே நிருபத்தின் 4:13-ல், நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்கவேண்டாம் என்கிறார் பவுல். துக்கிக்கவே வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. ஸ்தோத்திரம் செய்யச் சொல்லும் 18-ம் வசனத்துக்கு நான்கு வசனம் முன்னால், 5:14-ல், “திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்” என்று இருக்கிறது. ஆக, ஸ்தோத்திரம் செய் என்று ஒருவருக்குச் சொல்கிறவர், அதற்கு முன்பே அவரைத் தாங்கியிருக்கவேண்டும். வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது. இது என் விளக்கம்கூட இல்லை, பக்கத்தைத் திறந்தால் தெரிவது.

துக்க வீட்டில் அதிகம் கேட்கும் இன்னொரு வசனம் யோபு 1:21: கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், அவர் நாமத்துக்கு ஸ்தோத்திரம். அந்த வாக்கியத்தை, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு தன்னைப்பற்றித் தானே சொன்னான். பக்கத்தில் நின்ற எவரும் அவன் வாயில் அதை ஊட்டவில்லை. வஸ்திரத்தைக் கிழித்து, தலையைச் சிரைத்துத் தரையில் விழுந்த பிறகுதான் சொன்னான். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு இரவும் ஏழு பகலும் வாய் திறக்காமல் கூடத் தரையில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் 42:7-ல் தேவனுடைய கோபம் விளக்கம் சொன்னவர்கள்மேல் மூண்டது, கதறிய யோபுவின்மேல் மூளவில்லை. இதைத் துக்க வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் படிக்கவேண்டும் என்பது என் ஆசை.

சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13-ம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் “எதுவரைக்கும்” என்று நான்கு தடவை கேட்டுவிட்டுத்தான், ஆறாம் வசனத்தில் “அவரைப் பாடுவேன்” என்று வருகிறது. 88-ம் சங்கீதத்தில் அந்தத் திருப்பம்கூட இல்லை, புலம்பலிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். நன்றி சொல்ல வாய் வராத ஒருவருக்கு அங்கே இடம் இருக்கிறது. ஆகவே முதலில் குறையைச் சொல்லி அழுவது, பிறகு நன்றி. இந்த வரிசையைக் குடும்ப ஜெபத்திலும் அப்படியே காப்பாற்றினால் நடிப்பு தேவைப்படாது. வீடுகளில் கிறிஸ்மஸ் பொய்யாகிப்போவது பெரும்பாலும் முதல் பாதியைத் தாண்டிக் குதிப்பதால்தான்.

அப்பாவின் மரணத்துக்கே நன்றி சொல்லவேண்டுமா என்பது வேறு கேள்வி. எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரிக்கச் சொல்லும் எபேசியர் 5:20-ஐக் காட்டி, அதற்கும் சொல்லத்தான் வேண்டும் என்று போதிக்கிற நல்ல விசுவாசிகள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1 கொரிந்தியர் 15:26 மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறது. லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசு, சில நிமிஷத்தில் அவனை எழுப்பப்போகிறவர், கண்ணீர் விட்டார். சத்துருவுக்காக நன்றி சொல்லும்படி பிள்ளைகளிடம் கேட்கிற தகப்பனாகத் தேவனை என்னால் வாசிக்க முடியவில்லை. இது விளக்கத்தில் கருத்து வேறுபடுகிற இடம். உங்கள் ஆயர் வேறுவிதமாகச் சொன்னால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் மரணத்தின் நடுவிலும் அப்பாவின் வாழ்க்கைக்காக, உதவிய கைகளுக்காக நன்றி சொல்லலாம் என்பதில் யாருக்கும் வேறுபாடு இல்லை. உங்களுக்கு இந்த வருஷம் அது போதும்.

அம்மா சொல்லும் “வருஷம் திரும்பும்வரை பண்டிகை இல்லை” என்பது நம் ஊர் வழக்கம். வேதத்தில் அப்படி ஒரு கட்டளை கிடையாது. யாக்கோபுக்கு எகிப்தியர் எழுபது நாள் துக்கம் கொண்டாடினார்கள், யோசேப்பு ஏழு நாள். ஆரோனுக்கு முப்பது நாள், மோசேக்கு முப்பது நாள். ஒரு வருஷக் கணக்கு எங்கும் இல்லை. அதற்காக வழக்கத்தை மூடநம்பிக்கை என்று அம்மாவிடம் வாதாடவேண்டாம். துக்கத்துக்கு ஒரு எல்லையும் ஒரு மரியாதையும் வேண்டும் என்றுதான் முன்னோர் அதை வைத்தார்கள். பாவமும் இல்லை, கட்டாயமும் இல்லை. அம்மாவிடம் கேட்கவேண்டியது “கொண்டாடலாமா, வேண்டாமா” என்று மொத்தமாக இல்லை. “எது உங்களுக்குத் தாங்கும், எது தாங்காது” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பட்டாசும் வாசலில் மின்னும் சீரியல் லைட்டும் தாங்காது என்பார். பிள்ளைகளுக்கு ரோஸ் குக்கீஸ் சுடுவது தாங்கும் என்பார். ஸ்டாரைப் பொறுத்தவரை, வண்ண விளக்கில்லாமல் ஒரே ஒரு வெள்ளைக் காகித ஸ்டாரை, 24-ம் தேதி மாலை ஜெபம் முடிந்தபின் பிள்ளைகளை வைத்துக் கட்டச் செய்வது பல வீடுகளில் ஒத்துப்போகிறது. முதல் வாரமே கட்டி ஒரு மாதம் அதன் கீழே நடமாடுவதுதான் அம்மாமார்களை உறுத்துகிறது. ஓட்டுச் சார்ப்புக்கு உள்பக்கமாகக் கட்டுங்கள், டிசம்பர் மஞ்சில் வெளியே தொங்கும் காகிதம் இரண்டே ராத்திரியில் தொய்ந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கணவனை இழந்த பெண்ணை நல்ல காரியங்களில் பின்வரிசைக்குத் தள்ளும் பழக்கம் நம் கிறிஸ்தவ வீடுகளுக்குள்ளும் சத்தமில்லாமல் புகுந்திருக்கிறது. கேக் வெட்ட அவர் கை வேண்டாம், வந்தவர்களுக்கு முதல் தட்டை அவர் நீட்டவேண்டாம், புதுப் புடவை கலராக வேண்டாம். யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் நடக்கும். உபாகமம் 16:14 பண்டிகைக்கு யார் யார் மகிழவேண்டும் என்று பெயர்ப்பட்டியல் தருகிறது. அதில் திக்கற்ற பிள்ளையும் விதவையும் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாத பண்டிகை அந்தப் பட்டியல்படி அரைகுறைப் பண்டிகை. அம்மா விரும்பினால் கேக்கை அவரே வெட்டட்டும், மெழுகுவர்த்தியை அவரே ஏற்றட்டும். விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தவேண்டாம். ஆனால் அழைப்பு அவருக்கு முதலில் போகவேண்டும், அதுவும் தம்பி வாயால், எல்லார் முன்னாலும்.

இனி ஏற்பாடுகள். டிசம்பர் 10-க்குள் நீங்கள், தங்கை, தம்பி மூவரும் போனில் அரை மணி நேரம் பேசுங்கள், அம்மாவிடம் முதல் நாளே தனியாகக் கேட்டுக்கொண்டு. பேசவேண்டியது அப்பா வழக்கமாகச் செய்த வேலைகள். காலி நாற்காலியைப்பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள். ஆனால் துக்கம் திடீரென்று மடக்குவது வேலை நின்றுபோகும் இடங்களில்தான்: கறிக்கடைக்கு அதிகாலையில் போவது யார், சாப்பாட்டு ஜெபம் யார், பிள்ளைகள் கையில் காசு வைப்பது யார், விடியற்கால ஆராதனைக்கு எல்லாரையும் தட்டி எழுப்புவது யார், வேதம் வாசிப்பது யாருடைய குரல். ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போடுங்கள். எல்லாவற்றையும் தம்பி தலையில் கட்டவேண்டாம். கட்டினால் அவர் ‘அடுத்த அப்பா’ ஆகிவிடுவார், அழ இடம் இருக்காது. காசு கொடுப்பதை அம்மாவிடமும், எழுப்பும் வேலையை மூத்த பேரனிடமும் விடலாம். நாற்காலியைப் பொறுத்தவரை என் கணிப்பு இது: காலியாக வைத்து மாலை போடவேண்டாம், யாரும் உட்காராமல் ஒளித்தும் வைக்கவேண்டாம். ஒரு பேரப்பிள்ளை உட்காரட்டும்.

பணத்தை ஒளிக்காமல் பேசுங்கள். மலையில் பணமுடை சரியாக இந்த நேரத்தில்தான் இறுகுகிறது. டிசம்பர் கடைசியிலிருந்து உறைபனி விழுந்து கொழுந்து கருகும், மார்ச் வரை இலை வரத்து குறையும். நவம்பர் இலைக்கான பணம் டிசம்பரில் கைக்கு வந்ததும் பண்டிகைக்குப் போட்டால் பிப்ரவரியில் மறுபடி கடன். ஆகவே முதலில் பிப்ரவரி முடியும்வரை வீட்டுச் செலவு, வட்டி, உரம் மூன்றையும் ஒதுக்கிவையுங்கள். மிச்சம் எதுவோ அதுதான் பண்டிகைப் பணம், அது ஆயிரத்தைந்நூறு ரூபாயானாலும் சரி. பண்டிகைக்காக நகையை அடகு வைக்கவேண்டாம். புதுத்துணி பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் என்று மூன்று குடும்பமும் சேர்ந்து முடிவெடுத்தால் யாருக்கும் குறையில்லை. ஒருவர் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால்தான் மனத்தாங்கல். வருகிறவர்களிடம் “எதுவும் வேண்டாம், வந்தால் போதும்” என்று மரியாதைக்குச் சொல்லாமல், தங்கை அரிசியும் எண்ணெயும், தம்பி கறியும் கேஸும் என்று தெளிவாகப் பிரித்துக் கேளுங்கள். கேட்கப்படுவதில் அவர்களுக்கும் நிம்மதி. ஸ்தோத்திரக் காணிக்கை வழக்கமான அளவு போட முடியாவிட்டால் குறைத்துப் போடுங்கள். விதவையின் இரண்டு காசைக் கண்டு மெச்சிய இயேசுவுக்குத்தான் அது போகிறது.

நன்றி சொல்லும் பழக்கத்துக்கு வருகிறேன். ‘எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்’ என்று மொத்தமாகச் சொல்லும்போது மனம் எதையும் தொடுவதில்லை. 17-ம் தேதி முதல் 23-ம் தேதி வரை ஏழு நாள், ஒரு நாற்பது பக்க நோட்டில் ராத்திரி மூன்றே மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆள் பெயரும் அவர் செய்த ஒரு காரியமும் இருக்கவேண்டும். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி ஓட்டிவந்த டிரைவர். சரிவில் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கல்லறைவரை சுமந்த பையன்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இலை முற்றிப்போகாமல் பறித்து ஃபேக்டரி வண்டியில் ஏற்றிவிட்ட பக்கத்து வீட்டு அக்கா. இப்படி எழுதினால் இருபத்தொரு வரி சேரும். தேவனுக்கு நேராக நன்றி சொல்ல வாய் வராதபோது, அவர் அனுப்பிய ஆட்களுக்குச் சொல்வது நேர்மையான வழி. ஒருநாள் எதுவும் தோன்றாவிட்டால் தேதியை மட்டும் போட்டு விட்டுவிடுங்கள், கற்பனையாக நிரப்பவேண்டாம். அந்த நோட்டில் கோபத்தையும் எழுதலாமா என்றால், எழுதலாம், பின்பக்கத்திலிருந்து.

பிறகு அதைக் காரியமாக்குங்கள். நெகேமியா 8:10-ல் ஜனங்கள் அழுதுகொண்டிருக்கும்போது சொல்லப்பட்டது இது: கொழுமையானதைப் புசியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள், கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன். வசனத்தின் கடைசிப் பகுதியை மட்டும் காலண்டரில் அச்சடிக்கிறோம், நடுவிலுள்ள ‘பங்குகளை அனுப்புங்கள்’ விட்டுப்போகிறது. நோட்டில் வந்த பெயர்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் பத்து ரோஸ் குக்கீஸும் கால் கிலோ முறுக்கும் ஒரு நாலு வரிக் கடிதமும். கடிதத்தில் “நீங்கள் அன்றைக்கு இதைச் செய்தீர்கள்” என்று குறிப்பாக இருக்கட்டும். பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். துக்க வீட்டுக்குள் மகிழ்ச்சி பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நுழைகிறது, கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் பிள்ளைகளின் முகத்தோடு.

இந்த எழுதும் முறைக்கு ஆராய்ச்சி ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். 2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், வாரம் ஒருமுறை ஐந்து நன்றிகள் வரை எழுதச் சொல்லிப் பத்து வாரம் பார்த்தார்கள். தொல்லைகளை எழுதியவர்களைவிட நன்றிகளை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப்பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். ஆனால் அந்தப் பகுதியில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். நான்கு மாதம் முன்பு தகப்பனைப் புதைத்தவர்களுக்கும் அதே பலன் கிடைக்கும் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. துக்க வீடுகளில் இது சிலருக்கு உதவுகிறது, சிலருக்குச் சுமையாகிறது. சுமையானால் மூன்று நாளில் நிறுத்திவிடுங்கள். அதில் குற்ற உணர்வு வேண்டாம்.

கல்லறைக்குப் போவதை 24-ம் தேதி காலைக்கு வையுங்கள், பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். அதற்கு முன் புல்லில் பனி ஈரம், மூன்று மணிக்குமேல் மஞ்சு இறங்கிவிடும், அம்மா வழுக்கும் சரிவில் நடக்கக்கூடாது. 25-ம் தேதி ஆராதனை முடிந்ததும் போகிற வழக்கம் உங்கள் குடும்பத்தில் இருந்தாலும், இந்த வருஷம் மாற்றுவது நல்லது என்பேன். கோயில் வாசலில் நூறு பேர் கைகொடுத்து வாழ்த்திய கையோடு கல்லறைக்குப் போவது அம்மாவை இரண்டாகக் கிழிக்கும். தோட்டத்துச் சாமந்தியே போதும். அங்கே ஒரு வேதப்பகுதி, அப்பாவின் வாழ்க்கைக்காக ஒரு சிறு ஸ்தோத்திர ஜெபம், பத்து நிமிஷம். கத்தோலிக்கர் வீடாக இருந்தால் பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லி இறந்தவருக்காகத் திருப்பலியில் மன்றாடும்படி ஒரு கருத்து எழுதிவைப்பார்கள். சி.எஸ்.ஐ. வழக்கத்தில் இறந்தவருக்காக மன்றாடுவதில்லை, அவருக்காக நன்றி சொல்கிறோம். வர மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தவேண்டாம்.

அன்று மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். மொத்தம் இருபத்தைந்து நிமிஷத்தைத் தாண்டவேண்டாம். தாண்டினால் பிள்ளைகள் நெளிவார்கள், பெரியவர்கள் பிரசங்கத்தில் இறங்குவார்கள். புத்தகம் இல்லாமல் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனை, இரண்டு சரணம். 13-ம் சங்கீதம், மெதுவாக. ஒரு நிமிஷம் மௌனம். போனைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொருவரும் அப்பாவைப்பற்றி ஒரே ஒரு வாக்கியம்: எதை அவரிடம் இழந்து தவிக்கிறோம் என்று. அடுத்த சுற்று, ஒவ்வொருவரும் ஒரே ஒரு நன்றி, ஆள் பெயரோடு. அதன்பின் லூக்கா 2:1 முதல் 20 வரை, பத்து வயசுப் பிள்ளை வாசித்தாலும் ஐந்து நிமிஷம்தான். பரமண்டல ஜெபம், முடிந்தது. சுற்றை யாரிடம் தொடங்குவது என்பதில் கவனம் தேவை. அம்மாவிடம் தொடங்கினால் அவர் உடைந்துபோவார், அதன்பின் யாருக்கும் பேச்சு வராது. மருமகன் அல்லது மருமகளிடம் தொடங்குங்கள், இழப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறவர்கள் அவர்கள். பிள்ளைகள் நடுவில், அம்மா கடைசியில். யாராவது “நான் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்” என்றால் அப்படியே விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள். யாராவது அழுதால் ஜெபத்தை நிறுத்தவேண்டாம், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இது கெட்டுப்போவது வழக்கமாக மூன்று இடத்தில். ஒரு சித்தப்பா விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார். அவருக்கு முன்கூட்டியே லூக்கா வாசிக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள், மதிப்பும் ஆச்சு, பேச்சும் அடங்கும். இரண்டாவது, ஒப்பிட்டு நன்றி சொல்வது: “அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தால் நமக்குப் பரவாயில்லை.” ஆறுதல்போலத் தோன்றும். ஆனால் இயேசு குறைசொன்ன நன்றி ஜெபம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். லூக்கா 18-ல் பரிசேயன் மற்றவர்களைப்போல நான் இல்லை என்று ஸ்தோத்திரம் செய்கிறான். இன்னொருவரின் துயரத்தின்மேல் ஏறி நின்று சொல்லும் நன்றி வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் இப்போதே சொல்லிக்கொடுங்கள். மூன்றாவது, தோட்டப் பங்கு. பட்டா, கடன், யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு 23 முதல் 26 வரை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது என்று அந்த அரை மணி நேரப் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஜனவரியில் ஒரு தேதி குறித்துவிட்டால் எல்லாரும் பொறுப்பார்கள். தேதி குறிக்காவிட்டால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அது வெடிக்கும்.

சமையல் பற்றி ஒரு சின்னக் குறிப்பு, சமவெளியிலிருந்து வரும் தங்கை கேக் செய்கிறேன் என்று கிளம்புவார். உங்கள் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், காற்றழுத்தமும் குறைவு. திருப்பூர் அளவை அப்படியே போட்டால் கேக் வேகமாக எழும்பி நடுவில் குழிந்துவிடும். கால் கிலோ மைதாவுக்கு அவர் இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுகிறவர் என்றால் ஒன்றரை போதும். சர்க்கரையில் இரண்டு மேஜைக்கரண்டி குறைத்து, பாலில் இரண்டு மேஜைக்கரண்டி கூட்டி, ஓவன் சூட்டைப் பத்து டிகிரி ஏற்றவேண்டும். குக்கரில் சாதத்துக்கும் கறிக்கும் ஒரு விசில் கூடுதல். பழம் ஊறவைப்பது அப்பாவின் வேலையாக இருந்திருந்தால் அதை அம்மாவும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செய்யட்டும், ஒரு வாரம் ஆரஞ்சுச் சாற்றில் ஊறினால் போதும்.

25-ம் தேதிக்கு அதிகம் திட்டம் வேண்டாம். விடியற்கால ஆராதனைக்கு அம்மா வருவது அவர் விருப்பம். அந்தக் குளிரும் கூட்டமும் தாங்காது என்றால் ஒருவர் அவரோடு வீட்டில் இருக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டிலிருந்து நான்கு மணி வரை வீட்டை அமைதியாக விட்டுவிட்டு, பிள்ளைகளை மாமா வெளியே கூட்டிப்போகட்டும். பிள்ளைகள் சிரித்து விளையாடினால் யாரும் “தாத்தா போய் நாலு மாசம்கூட ஆகலை” என்று அதட்டக்கூடாது. அவர்கள் ஒரு மணி நேரம் அழுது அடுத்த ஐந்து நிமிஷத்தில் விளையாடுவார்கள், பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான் வரும், போகும். நீங்கள் சிரித்தாலும் அது துரோகம் இல்லை. கிறிஸ்மஸ் கதைக்குள்ளேயே மத்தேயு 2:18-ல் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் அடையாத ராகேல் இருக்கிறாள். சபைக் காலண்டரும் ஸ்தேவானின் மரணத்தை டிசம்பர் 26-லும், ஏரோது கொன்ற குழந்தைகளை 28-லும் நினைக்கச் சொல்கிறது. அழுகையைப் பண்டிகைக்கு வெளியே நிறுத்தவேண்டும் என்று திருச்சபை ஒருநாளும் நினைத்ததில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, என் எல்லையையும் சொல்லவேண்டும். அழுகை, தூக்கக் குறைவு, கோயிலுக்குப் போக மனமில்லாமை எல்லாம் நான்காம் மாதத்தில் வரக்கூடியவைதான். ஆனால் உங்களுக்கோ அம்மாவுக்கோ இரண்டு வாரத்துக்கு மேலாகத் தொடர்ந்து தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, படுக்கையிலிருந்து எழ முடியவில்லை, “நானும் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை” என்ற பேச்சு வருகிறது என்றால், அது ஜெபக் குறைவும் இல்லை, நன்றி நோட்டால் தீர்வதும் இல்லை. மருத்துவரைப் பார்க்கவேண்டும், பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. ஊட்டி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம், மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது. மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான் என்று சொல்லுங்கள்.

வந்தவர்கள் கிளம்பிய பிறகுதான் வீடு உண்மையில் கனக்கும். 26-ம் தேதி இரண்டு குடும்பமும் ஒன்றாகப் புறப்படாமல், தங்கையோ ஒரு பேரப்பிள்ளையோ 31 வரை தங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வருஷக் கடைசி இரவு ஆராதனையில் பல சபைகளில் அந்த வருஷம் மரித்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அம்மாவுக்கு அதை முன்பே சொல்லிவையுங்கள். தெரியாமல் போய் உட்கார்ந்து அப்பாவின் பெயரைக் கேட்பது கொடுமை. புது வருஷத்துக்கு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது என்ன வசனம் வந்தாலும் அதை அப்பாவின் மரணத்துக்கு விளக்கமாக யாரும் திருப்பவேண்டாம்.

பெரியம்மாவிடம் சண்டை வேண்டாம். “தெசலோனிக்கேயர் ஐந்தாம் அதிகாரத்தைப் பதினாலாம் வசனத்திலிருந்து எனக்குப் போனில் வாசித்துக் காட்டுங்கள், பெரியம்மா” என்று கேளுங்கள். அவரும் தங்கை புருஷனையோ கொழுந்தனையோ இழந்தவர்தானே, வாசிக்கும்போது அவருக்கும் அழ ஒரு வாய்ப்பு. கடைசியாக, வீடு வீடாகப் பாடிவரும் கேரல் ரவுண்ட்ஸ். வாலிபர் சங்கச் செயலாளரிடம் 15-ம் தேதிக்குள் பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் துக்க வீடு என்று உங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள், அல்லது டிரம்மும் கிறிஸ்மஸ் தாத்தாவுமாக ராத்திரி ஒரு மணிக்கு வந்து நிற்பார்கள். டிரம் இல்லாமல், ஒன்பது மணிக்குள், ஒரே ஒரு பாட்டும் ஒரு சிறு ஜெபமும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேட்டுவையுங்கள், அந்தக் குளிரில் நடந்து வருகிறவர்களுக்குச் சுக்குக் காபி போடவேண்டியிருக்கும்.